கப்பலில் இருக்கிறான்

ஜன்னல் ஓரம் நீயே உட்காரம்மா. எனக்குக் காற்று ஆகாது. உனக்கோ வளைவுகளில் தலை சுற்றும். மலை ஏறும்போது சுற்றாத தலையும் இறங்கும்போது சுற்றும். புளிப்பு மிட்டாய் வைத்திருக்கிறேன், வேண்டுமானால் கேள். உன் வீட்டுக்காரரைத் திரும்பித் திரும்பிப் பார்க்காதே. பின்னால் ஆண்கள் பக்கம் பத்திரமாகத்தான் உட்கார்ந்திருக்கிறார். அடிவாரம் வரும்வரை எங்கும் இறங்கிப் போய்விட மாட்டார்.

புதிதாக மணமானவள் என்று எப்படித் தெரியும் என்கிறாயா? தாலிக்கயிற்றின் மஞ்சள் இன்னும் ரவிக்கையில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. அது போக, உன்னை நான் முன்பே பார்த்திருக்கிறேன். செவ்வாய்க்கிழமை முற்பகல், ஏரிக்கு எதிரே 'நீர்முகம்' விடுதி வாசலில் உங்கள் இருவரையும் நிறுத்தி ஆரத்தி எடுத்தார்கள். நான் எதிர்ப்பக்கத்தில், ஏரி வேலியை ஒட்டிய பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். ஆரத்தி எடுத்தவளை நினைவிருக்கிறதா? உயரமாக, தலையில் கனகாம்பரம், நெற்றியில் பெரிய பொட்டு. "வலது கால எடுத்து வைங்க, அண்ணன் முந்திக்கப் போறாரு" என்று சொல்லி உன்னைச் சிரிக்க வைத்தாளே, அவள்தான். அவள் என் மருமகள். பெயர் சுகந்தி.

நன்றாக எடுத்தாள், இல்லையா? எதையும் ஒழுங்காகச் செய்பவள். அதை நான் ஒருபோதும் மறுத்ததில்லை. ஒருவர் மீது வருத்தம் இருக்கிறது என்பதற்காக அவருடைய மதிப்பெண்ணைக் குறைப்பது என் வழக்கமில்லை. ராசிபுரத்தில் பெண்கள் மேல்நிலைப் பள்ளி ஒன்றின் தலைமையாசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள் நான். என் பேச்சு புத்தகம் படிப்பது போல இருக்கிறதென்று சுகந்தி சொல்வாள். இருக்கட்டும். புத்தகம் போலப் பேசியதால் எவருக்கும் எந்தக் கெடுதலும் வந்ததில்லை.

இப்போது ராசிபுரத்துக்குத்தான் போகிறேன். சொந்த வீடு இருக்கிறது. மருமகள் அனுப்பிவிட்டாள் என்று பின்னால் எவராவது சொன்னால் நம்பாதே. நானே புறப்பட்டேன். ஏற்காட்டுக் குளிர் முழங்காலுக்கு ஆகவில்லை.

இந்தப் பை மடியிலேயே இருக்கட்டும். கனமில்லை. கம்பளிதான்.

உனக்கு எத்தனை நாள் விடுமுறை? மூன்றா? மூன்று நாளைக்கு அந்த ஊர் அழகாகத்தான் இருக்கும். ஏரி, படகு, பூங்கா, சாலையோரம் மிளகாய் பஜ்ஜி. நானும் அப்படித்தான் பள்ளிப் பிள்ளைகளைச் சுற்றுலாவுக்கு அழைத்து வந்து, இங்கே குடியிருப்பவர்கள் கொடுத்துவைத்தவர்கள் என்று நினைத்திருக்கிறேன். குடிவந்து பார்த்தால்தான் தெரியும். அங்கே பார்ப்பதற்கு நிறைய இருக்கிறது; செய்வதற்குத்தான் ஒன்றுமில்லை. விடுதியில் வேலை, இல்லையென்றால் படகுத்துறையில், இல்லையென்றால் பஜ்ஜி போட வேண்டும். காப்பித் தோட்டத்து வேலைக்குத் தலைமுறை தலைமுறையாக ஆட்கள் இருக்கிறார்கள், புதியவர்களுக்கு இடமில்லை. பள்ளிக்கூடங்களில் பி.எட். கேட்கிறார்கள், சுகந்தி பி.காம். மே மாதம் கோடை விழா முடிந்து கூட்டம் இறங்கிவிட்டால், ஊர் முழுக்க ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு அடுத்த மே மாதத்துக்காகக் காத்திருக்கும். அப்படிப்பட்ட ஊருக்கு ஒருத்தி வேலை தேடி மலையேறினாள் என்றால் கீழே அவளுக்கு என்ன இருந்திருக்கும் என்று நீயே யோசித்துப் பார்.

என் மகன் செழியன் இறந்து வருகிற ஐப்பசியோடு இரண்டு ஆண்டு.

அதற்கு நீ ஏன் தாலியைப் பிடித்துக்கொள்கிறாய்? விடம்மா. உனக்கு ஒன்றும் ஆகாது. கைம்பெண் ஒருத்தி ஆரத்தி எடுத்ததால் கெட்டுப்போன குடும்பம் எதையும் நான் பார்த்ததில்லை. சுமங்கலிகள் எடுத்துக் கெட்டுப்போன குடும்பங்கள் நிறையத் தெரியும். நானும் இளவயதில் கணவரை இழந்தவள்தான். செழியன் அப்போது ஐந்தாம் வகுப்பு. ஒருமுறை எங்கள் பள்ளி ஆண்டு விழாவில், நான் குத்துவிளக்கு ஏற்றப் போனபோது சிறப்பு விருந்தினரின் மனைவி முகத்தைச் சுளித்தார். "அம்மா, விளக்குக்கு எண்ணெயும் திரியும்தான் தேவை, என் கணவர் தேவையில்லை" என்று ஒலிபெருக்கியிலேயே சொல்லிவிட்டு ஏற்றினேன். ஆகவே, எனக்கு மூடநம்பிக்கை என்று நினைத்துவிடாதே. எனக்குப் பொறுக்காதது பொய் ஒன்றுதான்.

செழியன் ராசிபுரம் பேருந்து நிலையத்துக்கு அருகே ஃபிளெக்ஸ் அடிக்கும் கடை வைத்திருந்தான். ஓமலூர் சாலையில், மழையில், இருசக்கர வண்டி. அதைப் பற்றிப் பேசுவதற்கு மேற்கொண்டு எதுவுமில்லை. நான் அழவில்லை. அழுவது என் வழக்கமில்லை. வந்தவர்களுக்கு உட்கார இடம் வேண்டும், காப்பி வேண்டும், மயானத்துக்குச் சொல்ல வேண்டும்; அவற்றை யார் பார்ப்பது?

சுகந்தி ஒரு துணிக்கடையில் பில் போடும் வேலைக்குப் போனாள். ஆறு மாதம் போயிருப்பாள். ஒரு நாள் வந்து, "அத்தை, இந்த ஊர்ல என்னால முடியல. என்னப் பாத்ததும் எல்லாரும் கொரலத் தாழ்த்திக்கிறாங்க. புடவ வெலயக்கூட மெல்லமாக் கேக்குறாங்க" என்றாள். கூடப் படித்த பெண்ணொருத்தி மூலம் ஏற்காட்டில் விடுதி வேலை இருப்பது தெரிந்து கிளம்பிவிட்டாள். நானும் உடன் வந்தேன். அவள் அழைக்கவில்லை, அழைக்க வேண்டிய அவசியமும் இல்லை. வயதுப் பெண்ணைத் தனியாக எப்படி அனுப்புவது?

குரங்கு. ஜன்னலைச் சாத்து. கையில் எதையும் வைத்திருக்காதே.

வேலை கிடைத்த அன்று வீட்டுக்கு வந்தவள் நெற்றியில் பொட்டு இருந்தது. காலில் மெட்டி. வாடகைக்கு எடுத்த அந்த இரண்டு அறை வீட்டில் அப்போது ஒரு பாயும் ஓர் அடுப்பும்தான் இறங்கியிருந்தன. நான் பாயில் உட்கார்ந்திருந்தேன். பொட்டைப் பார்த்து எனக்கு மகிழ்ச்சிதான். வைத்துக்கொள் என்று ராசிபுரத்திலேயே சொல்லியிருந்தேன், அவள்தான் கேட்கவில்லை.

"பொட்டு வெச்சாத்தான் வேலை, அத்தை" என்றாள்.

பிறகு சொன்னாள். விடுதி முதலாளி பொன்னுரங்கம் மூன்று கேள்வி கேட்டாராம். கல்யாணம் ஆயிற்றா? ஆயிற்று என்றிருக்கிறாள். அது உண்மை. வீட்டுக்காரர் என்ன செய்கிறார்? அதற்கு இவள் கொஞ்சம் நிதானித்து, "கப்பல்ல இருக்காருங்க" என்றிருக்கிறாள். மூன்றாவது கேள்வி, ஆரத்தி எடுக்கத் தெரியுமா என்பது. "இங்க கல்யாணமான ஜோடிங்கதாம்மா நமக்குச் சாமி. வாசல்ல ஆரத்தி எடுத்து உள்ள கூப்புட்டா அவங்க வூட்டுல இருக்குற மாதிரி நெனைப்பாங்க. அதுக்கு ஒரு சுமங்கலி வேணும். போன தடவ இருந்த பொண்ணு புருசன விட்டுட்டு வந்ததுன்னு ஒரு மாமியாருக்குத் தெரிஞ்சுபோயி, ரூம காலி பண்ணிட்டாங்க. மாமியாரையும் கூட்டிக்கிட்டு எவன் ஹனிமூன் வரச் சொன்னான்னு நான் கேக்க முடியுமா?" என்றாராம்.

சுகந்தி அதைச் சொல்லிவிட்டுச் சிரித்தாள். செழியன் போன பிறகு அவள் சிரித்து நான் கேட்டது அன்றுதான்.

"ஏன் கப்பல்?" என்று கேட்டேன்.

"அவரு ரூமு ஜன்னல் வழியா ஏரியில படகு தெரிஞ்சுது, அத்தை. அதான்."

எனக்கு இரத்தம் கொதித்தது. செத்துப்போனவனைக் கப்பலில் ஏற்றி வாங்கிய வேலை நமக்குத் தேவையா? என் வாழ்நாளில் ஒரு வருகைப் பதிவைக்கூட நான் முன்தேதியிட்டுப் போட்டதில்லை. காலையில் நானே பொன்னுரங்கத்திடம் போய் உண்மையைச் சொல்லிவிடுவேன் என்றேன். "சொல்லுங்க. சொல்லிட்டு நாளைக்குச் சாயங்காலம் நீங்களே மூட்டையக் கட்டுங்க" என்று சொல்லிவிட்டு அரிசியைக் களையப் போய்விட்டாள்.

காலையில் புறப்பட்டேன். உண்மையாகவே புறப்பட்டேன். புடவையை நன்றாகக் கட்டிக்கொண்டு, குடையை எடுத்துக்கொண்டு, என்ன சொல்ல வேண்டும் என்பதை வாக்கியம் வாக்கியமாக அமைத்துக்கொண்டு போனேன். ஏரிச் சாலையில் ஜெசிந்தா பஜ்ஜிக்கடை போட்டிருக்கிறாள். எங்கள் வீட்டுக்கு அடுத்த வீடு. வாய் ஓயாதவள், மனம் கெட்டவள் இல்லை. அவள் எண்ணெய்ச் சட்டியிலிருந்து தலையை நிமிர்த்தி, "டீச்சரம்மா, ஒங்க மவன் கப்பல்ல இருக்காராமே. எந்தூருக் கப்பலு?" என்று கேட்டாள்.

அங்கேயே சொல்லியிருக்கலாம். இறந்துவிட்டான் என்பது ஒரே சொல்.

ஆனால் அவள் குரலைத் தாழ்த்தாமல் கேட்டாள். அதை நீ கவனிக்க வேண்டும். ஓராண்டுக் காலமாக என் மகனைப் பற்றி எவரும் அப்படி உரக்கக் கேட்டதில்லை. கரண்டியை ஆட்டிக்கொண்டு, தெருவுக்கே கேட்கும்படி, உயிரோடிருக்கிறவனைப் பற்றிக் கேட்பது போல. போல என்ன, அவளைப் பொறுத்தவரை அவன் உயிரோடுதான் இருந்தான்.

"ராட்டர்டாம்" என்றேன். "நெதர்லாந்து நாட்டுத் துறைமுகம்."

"அங்க குளிருமா?"

"இங்கு இருப்பதைவிட அதிகம்."

"ஐயோ பாவம், புள்ள" என்றாள். அதற்கு மேல் விடுதிக்குப் போக எனக்கு நேரமில்லாமல் போயிற்று. மழையும் தூறியது.

நான் பொய் சொன்னேன் என்று நினைக்கிறாயா? அது நான் உண்டாக்கிய பொய் இல்லை. சுகந்தி உண்டாக்கியது. உண்டாக்கிவிட்டு அதை அப்படியே அரைகுறையாகப் போட்டுவிட்டாள். எந்தக் கப்பல், என்ன வேலை, எத்தனை மாத ஒப்பந்தம், ஒன்றுமே யோசிக்கவில்லை. படகுத்துறையில் எவரோ கேட்டதற்கு, "மாசா மாசம் வருவாரு" என்று சொல்லிவிட்டு வந்து நிற்கிறாள். சரக்குக் கப்பலில் போகிறவன் மாதாமாதம் எப்படி வருவான்? கேட்பவர்கள் சிரிக்க மாட்டார்களா? நான் செய்ததெல்லாம் பிழைதிருத்தம்தான். செழியன் மின்னியல் பட்டயம் படித்தவன், ஆகையால் கப்பலில் மின் பிரிவு. ஒப்பந்தம் ஒன்பது மாதம். சரக்கு, கோதுமையும் இயந்திரப் பாகங்களும். வழி, சூயஸ் கால்வாய். வீட்டில் பழைய அட்லஸ் இருந்தது. சுகந்தியை உட்காரவைத்துக் காட்டினேன்.

"எதுக்கு அத்தை இதெல்லாம்? கேட்டா சிரிச்சிட்டுப் போயிருவேன், விட்ருங்க" என்றாள்.

"சொல்வதைப் பிழையில்லாமல் சொல்" என்றேன். அவள் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். பாடம் பிடிக்காத மாணவிகள் பார்ப்பார்களே, அப்படி.

அதன் பிறகு ஊரில் எனக்கு ஒரு மரியாதை ஏற்பட்டது. வேலையில்லாத ஊர் என்றேன் அல்லவா? கப்பல்காரன் தாய் என்றால் சும்மாவா? இந்த வண்டி நடத்துனர் குமரேசன் இருக்கிறானே, அதோ முன்னால் சில்லறைக்குச் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறான், அவனும் ஏற்காட்டுக்காரன்தான். "டீச்சரம்மா, தம்பிகிட்ட ஒரு வார்த்த சொல்லி எங்கண்ணன் பையன கப்பல்ல ஏத்தி உடுங்க" என்று எத்தனை முறை கேட்டிருக்கிறான். நான் அப்படியெல்லாம் சிபாரிசு செய்வதில்லை. தேர்வு இருக்கிறது, பயிற்சி இருக்கிறது, கண் பார்வை சரியாக இருக்க வேண்டும் என்று விளக்கிச் சொன்னேன். என் மகன் தகுதியினால் போனவன், சிபாரிசினால் அல்ல என்றும் சொன்னேன். குமரேசன் மகளுக்கு அம்மை கண்டிருந்தது. வீட்டோடு கிடந்துவிட்டு இன்றுதான் பணிக்குத் திரும்பியிருக்கிறான் என்று நினைக்கிறேன்.

ஜெசிந்தா தினமும் கேட்பாள், கப்பல் எங்கே என்று. சொல்வேன். வடகடலில் புயல் என்றால் அவள் மாதாவுக்கு மெழுகுவர்த்தி ஏற்றுவாள். அவனுக்கு மீன் ஆகாது, கப்பலில் சாப்பாட்டுக்கு என்ன செய்கிறானோ என்றால், "அங்கயும் முட்டை இருக்கும்ல டீச்சரம்மா" என்று ஆறுதல் சொல்வாள். திபெத்துக்காரர்கள் ஸ்வெட்டர் கடை போட்டபோது அவள்தான் என்னை இழுத்துக்கொண்டு போனாள். "வந்தா போட்டுக்கட்டும். கருநீலம் எடுங்க." எடுத்தேன். அளவு எனக்குத் தெரியாதா? அதுதான் இந்தப் பையில் இருக்கிறது.

அதை வீட்டில் பிரித்துக் காட்டியபோது சுகந்தி எழுந்து கொல்லைப்பக்கம் போய்விட்டாள். அன்று சாப்பிடவும் இல்லை. வேலைக் களைப்பு.

இப்போது தனசேகரைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

ஒண்டிக்கடைச் சந்திப்புக்கு அருகே காப்பித்தூளும் மிளகும் விற்கிறவர். தங்கைகளைக் கட்டிக்கொடுப்பதிலேயே வயது போய்விட்டது, மணமாகாதவர். நீர்முகம் விடுதிக்குத் தூள் அவர் கடையிலிருந்துதான் போகும். அவரே கொண்டுவந்து சுகந்தியிடம் கொடுப்பார். குறை சொல்ல முடியாத மனிதர். தூளைக் கொடுத்துவிட்டுத் தரையைப் பார்த்துக்கொண்டு நிற்பார். மழை நாளில் தன் குடையை விடுதி வாசலில் வைத்துவிட்டு நனைந்துகொண்டே போவார். என்னைக் கண்டால் "அம்மா" என்பார். அடுத்தவன் மனைவி என்ற எண்ணம் அவருக்கு இருந்தது. அதற்காக நான் அவரை மதித்தேன்.

ஆவணியில் ஒரு மாலை. நானும் சுகந்தியும் ஏரி பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். அவளுக்கு அன்று அரை நாள் ஓய்வு. பெடல் படகில் ஒரு ஜோடி கரைக்கு வரத் தெரியாமல் அதே இடத்தில் சுற்றிக்கொண்டிருந்தது. அதைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"அத்தை, தனசேகர்கிட்ட மட்டும் உண்மையச் சொல்லிரலாம்னு இருக்கேன்."

"எந்த உண்மையை?"

"செழியன் இல்லைங்கறத."

"அவருக்கு அது எதற்கு?"

நான் குழந்தையில்லை, எனக்குப் புரிந்தது. மறுமணம் தவறு என்று நான் ஒருபோதும் சொன்னதில்லை. பாடமே நடத்தியிருக்கிறேன். ஆனால் காரியம் என்று ஒன்று இருக்கிறதே. "சொன்னால் ஊருக்குத் தெரியும். தெரிந்தால் உன் வேலை?" என்றேன்.

"போனாப் போவுது."

"இந்த ஊரில் வேறு வேலை எங்கே இருக்கிறது?"

"பஜ்ஜி போடறேன். ஜெசிந்தாக்கா சேத்துக்குவாங்க." பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டாள். அவளும் அப்படியெல்லாம் பிடிக்கிறவள் இல்லை. "காலைல பொட்டு வெக்கிறப்ப ஒவ்வொரு நாளும் அவரு செத்துப்போறாரு அத்தை. உங்களுக்குத் தெரியுமா? வெச்சிட்டு நாலு பேருக்கு ஆரத்தி எடுக்கறேன். அதுங்க சிரிக்கிறதப் பாக்கறேன். நானும் ஒரு மனுசிதான?"

அந்த ஏரிக்கரை முழுக்க என் மகனைப் பற்றித்தான் பேச்சு. கடைக்காரர்கள், படகுக்காரர்கள், எல்லாரும் அவனை விசாரித்துக்கொண்டிருந்தார்கள். அது எல்லாவற்றையும் ஒரு காப்பித்தூள் கடைக்காக, ஒரே வாக்கியத்தில்... இல்லை. நான் சொல்ல வந்தது வேலையைப் பற்றி. வேலை முக்கியம்.

"அவசரப்படாதே. தீபாவளி கழியட்டும்" என்றேன். சரி என்றாள். நம்பித்தான் சரி என்றாள்.

மறுநாள் வீட்டில் காப்பித்தூள் தீர்ந்திருந்தது. அநேகமாகத் தீர்ந்திருந்தது. தனசேகர் கடைக்குப் போனேன். அவர் ஸ்டூலைத் துடைத்துப் போட்டார். தூள் அரைபடும்போது, சும்மா பேச்சுவாக்கில் சொன்னேன். "ஐப்பசியில் என் மகன் வருகிறான். இனிக் கப்பலுக்குத் திரும்பப் போவதில்லை. இங்கேயே இருந்துவிடப் போகிறான். அவனுக்குச் சிக்கரி ஆகாது. கலப்பில்லாமல் அரைத்து வைக்க வேண்டும்."

தனசேகர் இயந்திரத்தை நிறுத்தினார். பிறகு, "ரொம்ப சந்தோசம்மா. அவங்களுக்கும் எவ்வளவு கஷ்டம் தனியா" என்றார். காசு வாங்கவில்லை. வற்புறுத்தித்தான் கொடுத்துவிட்டு வந்தேன்.

சொல், இதில் நான் என்ன தவறு செய்தேன்? அவரிடம் அவரைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. சுகந்தியைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. என் மகனைப் பற்றித்தான் பேசினேன். பெற்றவளுக்கு அந்த உரிமைகூடக் கிடையாதா?

காது அடைக்கிறதா? எச்சிலை விழுங்கு, சரியாகிவிடும். பாதி மலை இறங்கிவிட்டோம்.

போன ஞாயிற்றுக்கிழமை தனசேகர் வீட்டுக்கு வந்தார். கையில் தாம்பாளம், வெற்றிலை பாக்கு, மஞ்சள் தடவிய பத்திரிகை. வாழப்பாடியில் பெண். தங்கைகள் பிடித்த பிடியில் முடித்துவிட்டார்களாம். அவர் முகத்தைப் பார்த்தால் யாருடைய திருமணத்துக்கோ அழைக்க வந்தவர் போல இருந்தது. சுகந்தி பத்திரிகையை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள்.

"ஐப்பசி இருபத்து மூணு" என்றார். "சாரும் அப்ப வந்திருவாருல்ல? குடும்பத்தோட வரணும்."

"எந்த சார்?" என்றாள் சுகந்தி.

"உங்க வீட்டுக்காரர்தாங்க. இனி இங்கயேதான் இருப்பாருன்னு அம்மா கடைக்கு வந்து சொன்னாங்களே. ஆவணியில." அவர் முதல்முறையாகத் தலையை நிமிர்த்தி அவளைப் பார்த்தார். "அப்பத்தான் நானும் வீட்டுல சரின்னு சொன்னேன்."

சுகந்தி என்னைப் பார்க்கவில்லை. அவருக்குக் காப்பி கலந்து கொடுத்தாள். அவருடைய கடைத் தூள்தான், சிக்கரி இல்லாதது. அவர் குடித்து முடிக்கும் வரை நின்றாள். வாசல்வரை போய் வழியனுப்பினாள். டம்ளரைக் கழுவிக் கவிழ்த்தாள். அதற்குப் பிறகுதான் என் எதிரே வந்து உட்கார்ந்தாள்.

கத்துவாள் என்று எதிர்பார்த்தேன். கத்தியிருந்தால் எனக்குப் பதில் சொல்லத் தெரியும்.

"அவரு செத்தப்ப நீங்க அழவே இல்ல, அத்தை" என்றாள். "தைரியம்னு நெனச்சேன். ஊரே அப்படித்தான் சொல்லிச்சு. எனக்கு அப்பவே தெரிஞ்சிருக்கணும்."

எனக்கு அது விளங்கவில்லை. அழாததற்கும் காப்பித்தூளுக்கும் என்ன தொடர்பு?

மறுநாள் அவள் பேசவில்லை. செவ்வாய்க்கிழமை வேலைக்குப் போனாள். உங்களுக்கு ஆரத்தி எடுத்தாள். நான் பெஞ்சிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். நீங்கள் உள்ளே போன பிறகு அவள் தட்டோடு அங்கேயே நின்றாள். ஆரத்தித் தண்ணீரைச் சாலையில் கொட்டிவிட்டு, தட்டைப் படியில் வைத்துவிட்டு, பொன்னுரங்கத்தின் அறைக்குள் போனாள். அவள் எடுத்த கடைசி ஆரத்தி உன்னுடையதுதான் அம்மா.

பொன்னுரங்கம் வேலையைவிட்டு நீக்கவில்லை. அதுதான் வேடிக்கை. "இத மொதல்லயே சொல்லிருக்கலாமேம்மா, வாசலுக்கு வேற ஆளு போட்டுட்டு ஒன்ன உள்ள போட்டிருப்பேன்" என்றிருக்கிறார். அவர் மனைவி இவளைக் கட்டிக்கொண்டு அழுதாராம். இப்போது துணி அறையில் இருக்கிறாள். படுக்கை விரிப்பு, துண்டு, தலையணை உறை எல்லாவற்றையும் எண்ணி அடுக்குவது. அதுவும் ஒரு வேலையா? பட்டதாரிப் பெண்.

மாலையில் வந்தவள் நேராக என் பெட்டியை இறக்கினாள். முதலில் ஸ்வெட்டரைத்தான் மடித்து இந்தப் பையில் வைத்தாள். "நீங்க ராசிபுரம் போயிடுங்க, அத்தை. வாரா வாரம் போன் பண்றேன். உங்களுக்கு ஒடம்பு சரியில்லன்னா ஓடி வருவேன். ஆனா ஒரே வீட்டுல இனி முடியாது." பிறகு, "ஜெசிந்தாக்காகிட்ட நானே சொல்லிக்கறேன். நீங்க போனப்புறம் சொல்றேன். உங்க முன்னாடி சொல்ல மாட்டேன்" என்றாள்.

எனக்கும் முழங்கால் வலி இருந்தது. ஆகவே நானே புறப்பட்டேன்.

இன்று காலை ஜெசிந்தா பேருந்துவரை வந்தாள். பொட்டலம் கட்டிக் கொடுத்தாள். "ராசிபுரத்துலதான் மவன் மொதல்ல எறங்குவாரா? நல்லதுதான். சொந்த வீட்டுல வந்து எறங்கட்டும்" என்றாள். ஆமாம் என்றேன். இந்நேரம் சுகந்தி அவளிடம் சொல்லியிருப்பாள். எண்ணெய்ச் சட்டியை இறக்கிவைத்துவிட்டு அவள் அழுதுகொண்டிருப்பாள். அழுவாள், எதற்கெடுத்தாலும் அழுகிறவள்தான். மதியத்துக்குள் படகுத்துறைக்குத் தெரிந்துவிடும். மாலைக்குள் தனசேகருக்குத் தெரிந்துவிடும். தெரிந்து என்ன, பத்திரிகை அடித்தாயிற்று. நாளை அந்த ஏரியைச் சுற்றி எல்லாரும் குரலைத் தாழ்த்திக்கொள்வார்கள்.

அதனால்தான் உன்னிடம் சொன்னேன். நீ சேலத்தில் இறங்கி உன் ஊருக்குப் போய்விடுவாய். உனக்கு அந்த ஊரில் யாரையும் தெரியாது. உன் கணவரிடம்கூடச் சொல்ல வேண்டாம், புது மனிதர், சகுனம் என்று எதையாவது நினைத்துக்கொண்டு வருந்துவார். ஏன் கண்ணைத் துடைக்கிறாய்? காற்றில் தூசி. ஜன்னலைச் சாத்து.

இரு. குமரேசன் வருகிறான். இந்தா, முகத்தைச் சரிசெய்துகொள்.

வாப்பா குமரேசா. ராசிபுரத்துக்குத்தான், சேலத்தில் மாறிக்கொள்கிறேன். பெண்ணுக்கு அம்மை இறங்கிவிட்டதா? தலைக்கு ஊற்றியாயிற்றா? நல்லது. வேப்பிலையை உடனே எடுத்துவிடாதே. நீ எத்தனை நாளாக வீட்டோடு இருக்கிறாய்? அப்படியானால் ஊரில் யாரையும் பார்த்திருக்க மாட்டாய்.

ஆமாம்பா, அவனை வரவேற்கத்தான் போகிறேன். வீட்டைத் திறந்து துடைத்து வைக்க வேண்டுமல்லவா?

கப்பலா? எங்கே வந்திருக்கும்...

என்னம்மா, நீ என்ன கேட்கிறாய்? கொழும்புக்கு வந்துவிட்டதா என்றா?

வந்துவிட்டதம்மா. கொழும்பைத் தாண்டிவிட்டது. இன்னும் கொஞ்ச தூரம்தான்.